நிரல் தெரியாதவர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்க: ஆவணங்கள், செலவு, கால அளவு

சென்னையில் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் செய்துவருகிறேன். புதிதாக அறிமுகமாகும் பதிப்பாளர் எவரும், இதுவரை செய்த வேலைகளைப் பார்க்க ஏதேனும் இணைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார். அதற்காகவே, நிரல் எழுதத் தெரியாத நிலையிலும், சில பக்கங்கள் கொண்ட ஒரு தளத்தை நானே அமைத்துக்கொண்டேன். பக்கங்களை வடிவமைப்பது எளிதாகவே முடிந்தது. டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) யார் பெயரில் பதிவது, முதல் ஆண்டுக் கட்டணம் மறு ஆண்டு என்னவாகும், வங்கி அட்டை ஏன் மறுக்கப்படுகிறது, தமிழ் எழுத்துகள் ஏன் சிதைகின்றன என்பன போன்ற, எங்கும் ஒரே இடத்தில் கிடைக்காத விவரங்களே வாரக்கணக்கில் அலைக்கழித்தன. அவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

வீட்டில் இசை வகுப்பு நடத்துபவர், டியூஷன் ஆசிரியர், தையற்கலைஞர், ஒளிப்படக்காரர், எழுத்தாளர் போன்றோருக்கு இந்த வழிமுறை போதுமானது. தளத்திலேயே பொருள் விற்றுப் பணம் பெற விரும்புவோருக்கு இது போதாது. அதற்குரிய பதிவுகளும் கருவிகளும் வேறு.

1. முதலில் எழுதி முடியுங்கள்

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன், தளத்தில் இடம்பெறவேண்டிய அனைத்தையும் கூகுள் டாக்ஸில் எழுதிவிடுங்கள். முகப்பு, உங்களைப் பற்றிய குறிப்பு, செய்த பணிகள், கட்டண விவரம், தொடர்பு ஆகிய ஐந்து பக்கங்கள் பெரும்பாலோருக்குப் போதும். இந்த வேலைக்கு இரண்டு வாரமேனும் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இவ்வளவு காலம் பிடிக்காது என்பதோடு, எழுத்து முடியாமல் வடிவமைப்பில் இறங்கியவர்களின் தளங்கள்தாம் பாதியில் நின்றுபோகின்றன.

முகப்பின் முதல் இரண்டு வரிகளில் நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிட வேண்டும். "எங்கள் இணையதளத்திற்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரி வருபவருக்கு எதையும் சொல்வதில்லை. "மயிலாப்பூரில் நேரிலும், வெளியூர் மாணவர்களுக்கு இணையவழியிலும், எட்டு வயது முதல் வீணை கற்பிக்கிறேன்" என்று எழுதினால், வந்தவர் தமக்கு வேண்டியது இங்கே இருக்கிறதா என்பதை உடனே அறிந்துகொள்வார். கூகுள் தேடலுக்கும் இந்த வரியே உதவும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டிய ஒரு சிக்கல் உண்டு. டிடிபி கடையிலோ அச்சகத்திலோ பல ஆண்டுகளுக்கு முன் அடித்துவைத்த துண்டறிக்கையும் தன்விவரக் குறிப்பும் பெரும்பாலும் ஒருங்குறியில் (எல்லாக் கருவிகளும் ஒரே விதமாகப் படிக்கும் யூனிகோடு முறையில்) இருக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிய பின், ஒவ்வொரு வரியையும் கட்டாயம் படித்துப் பாருங்கள். கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் நிற்பதும், ஒரே எழுத்தாக இருக்கவேண்டிய 'ஔ' என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்பதும் சாதாரணமாக நடப்பவை. இரண்டாவது பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் ஔவை என்ற பெயரை ஒருவர் தேடும்போது, அப்படிப் பிழையாகப் பதிந்த பக்கம் அகப்படாமல் போகலாம்.

படங்களையும் இப்போதே தயார் செய்யுங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் நான்கைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் தளம் மெதுவாகவே திறக்கும். கூகுளின் ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் அகலத்தை 1,600 பிக்சல் அளவுக்குக் குறைத்துச் சேமித்தால் 300 கேபிக்குள் அடங்கிவிடும். வீட்டில் எடுத்த படமாயின், அதனுள் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். கூகுள் தேடலில் கண்ட படங்களை எடுத்தாளாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில் உரிமத்தைப் படித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மாணவர்களின் படங்களைப் போட விரும்பினால் பெற்றோரிடமும், வாடிக்கையாளரின் பாராட்டு மொழிகளைப் போட விரும்பினால் அவர்களிடமும், நூல் அட்டைகளுக்குப் பதிப்பகத்திடமும் மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்று, அவற்றை ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். வாய்மொழி ஒப்புதல் பின்னாளில் நிற்காது.

2. டொமைன் பெயரைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் தளத்தின் முகவரியாக அமையும் பெயரையே டொமைன் என்கிறோம். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுவதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்றும் மற்றொருவர் 'எல்' என்றும் எழுதுவார். 'ச' ஒருவருக்கு 'எஸ்', இன்னொருவருக்கு 'சி எச்'. எனவே, நினைத்திருக்கும் பெயரை இரண்டு மூன்று பேரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் கேட்டபடி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக வந்தால் வேறு பெயரைத் தேடுவது நல்லது. நடுக்கோடும் எண்களும் இல்லாத பெயராக இருக்கட்டும்.

தமிழ் எழுத்திலேயே அமையும் '.இந்தியா' என்ற முடிவும் பதிவுக்கு உண்டு. அதை விரும்புவோர் வாங்கலாம். ஆயினும் பல இணையப் படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் தமிழ் முகவரியை இன்னும் சரிவர ஏற்பதில்லை என்பதால், முதன்மை முகவரியாக '.காம்' அல்லது '.இன்' வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

விரும்பிய பெயர் கிடைக்கிறது என்றால், வாங்குவதற்கு முன் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதை ஒருமுறை தேடுங்கள். முன்பு சூதாட்டத் தளமாகவோ மோசடித் தளமாகவோ இருந்து காலாவதியான பெயர்கள் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன; அவற்றின் பழைய கெட்ட பெயர் உங்களைத் தொடரக்கூடும்.

3. டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்தல்

இக்கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். தளம் அமைத்துத் தருகிறேன் என்று முன்வரும் நண்பரோ நிறுவனமோ, டொமைனையும் சேர்த்து நாங்களே வாங்கிவிடுகிறோம் என்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்வது, மனைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் எழுதுவதற்குச் சமம். எனக்குத் தெரிந்த நடன ஆசிரியை ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்த நிறுவனம் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டது. டொமைன் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்ததால், துண்டறிக்கைகளிலும் அரங்கேற்ற அழைப்பிதழ்களிலும் அச்சிட்ட முகவரியைக் கைவிட்டு, வேறு பெயரில் அவர் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. வடிவமைப்பை யாரிடம் ஒப்படைத்தாலும், டொமைன் பதிவாளரிடம் (டொமைனை விற்றுப் பதிவுசெய்யும் நிறுவனத்திடம்) உள்ள கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைப்பேசி எண்ணிலும்தான் இருக்க வேண்டும்.

தேவையானவை: நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு மின்னஞ்சல், கைப்பேசி எண், அஞ்சல் முகவரி, பணம் செலுத்தும் வழி. '.இன்' பெயருக்கு அடையாளச் சான்றும் கேட்கப்படலாம். ஆதாரைக் கொடுப்பதானால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் (யுஐடிஏஐ) தளத்திலிருந்து இறக்கி, அது ஏற்கப்படுமா என்று கேட்டுக் கொடுங்கள். உண்மையான விவரங்களையே அளியுங்கள். பொய் விவரம் கொடுத்த பதிவை ரத்துசெய்ய இடமுண்டு.

செலவைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமே உரியது. புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதைப் பதிவாளரின் விலைப்பட்டியலில் தேடிப் பார்த்து, அதையே உங்கள் ஆண்டுச் செலவாகக் கணக்கிடுங்கள். '.காம்' புதுப்பிக்க இந்தியப் பதிவாளர்கள் பலரிடம் ஏறத்தாழ ரூ.1,000 முதல் ரூ.1,600 வரை ஆகிறது, '.இன்' பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இவற்றின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு.

பணம் செலுத்தும் பக்கத்தில் அவசரம் காட்டாதீர்கள். மின்னஞ்சல் சேவை, பாதுகாப்புச் சேவை, தளம் அமைக்கும் கருவி, எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துடனான தொடர்பைப் பாதுகாப்பாக்கும் சான்று) என்று நீங்கள் கேட்காதவை கூடையில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கலாம், எல்லாவற்றையும் நீக்குங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தொடர்பு விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வசதியைப் பல பதிவாளர்கள் '.காம்' பெயருக்குக் கட்டணமின்றித் தருகிறார்கள். அதற்குத் தனியே பணம் கேட்பவரைத் தவிர்க்கலாம்.

வெளிநாட்டுப் பதிவாளரிடம் வாங்கினால், பெரும்பாலான இந்திய வங்கி அட்டைகளில் பன்னாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். முதன்முறை வாங்குபவர்களுக்கு, ரூபாயில் விலை சொல்லி யுபிஐ ஏற்கும் பதிவாளரே வசதி.

பதிவு உடனே முடிந்துவிடும். அதன் பிறகு, மின்னஞ்சலை உறுதிசெய்யக் கோரி ஒரு கடிதம் வரும். '.காம்' போன்ற பெயர்களுக்கு 15 நாட்களுக்குள் அந்த இணைப்பைச் சொடுக்காவிட்டால் பெயர் முடக்கப்படும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அதே நாட்களில், உங்களுக்குத் தளம் அமைத்துத் தருகிறோம், கூகுளில் முதலிடம் பிடித்துத் தருகிறோம் என்ற அழைப்புகளும் வரக்கூடும். அவற்றுக்கும் உங்கள் பதிவாளருக்கும் தொடர்பில்லை. ஓடிபி எதையும் சொல்லாதீர்கள்.

பதிவாளர் கணக்கிற்கு, அதே டொமைனில் அமைந்த மின்னஞ்சலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். கணக்கைத் திறப்பதற்கான கடிதம் வந்துசேர வழியிருக்காது.

4. தளம் அமைக்கும் கருவி

நான்கைந்து பக்கங்கள், எப்போதாவது ஒரு மாற்றம் என்ற அளவில் இருப்பவர்களுக்கு கூகுள் சைட்ஸ் போதும். ஜிமெயில் கணக்கு இருந்தால் இலவசம். தனியாக ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம், வாங்க வேண்டியதில்லை. உங்கள் டொமைனை அதனோடு இணைக்கவும் கட்டணமில்லை. ஆக, ஆண்டுச் செலவு டொமைன் கட்டணம் மட்டுமே. அலங்காரத்திற்கு அதிக இடமில்லை என்பதும், தளத்தை வேறு சேவைக்கு அப்படியே பெயர்த்துச் செல்ல முடியாது என்பதும் அதன் குறைகள். முதல் படியில் எழுதிய கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பது இதனால்தான்.

வாரந்தோறும் கட்டுரை எழுதப்போகிறவர்களுக்கு பிளாகர் அல்லது வேர்ட்பிரஸ் பொருந்தும். பிளாகரும் இலவசம்தான். வேர்ட்பிரஸ் இரு வகையில் கிடைக்கிறது: வேர்ட்பிரஸ்.காம் நிறுவனமே நடத்தித் தரும் சேவை ஒன்று, அங்கே சொந்த டொமைனை இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். இலவச மென்பொருளை நீங்கள் வாங்கும் ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதில் சுதந்திரம் அதிகம். அதற்கு ஈடாக, மென்பொருளையும் செருகுநிரல்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களையும்) தவறாமல் புதுப்பிப்பதும் காப்புநகல் எடுப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். அந்தப் பொறுப்பை ஏற்க இயலாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஹோஸ்டிங் வாங்குவோர் விலைப்பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும். மாதத்திற்கு நூற்றைம்பது ரூபாய் என்று காட்டப்படும் விலை, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கான பணத்தை மொத்தமாகச் செலுத்தினால்தான் பொருந்தும். அது முடிந்து புதுப்பிக்கும்போது கட்டணம் பலமடங்கு உயரலாம். புதியவர்கள் ஓராண்டுக்கு மேல் கட்டாதீர்கள்.

5. பக்கங்களை அமைத்தல்

எழுதிவைத்ததை ஒட்டும்போது, வடிவமைப்பு நீக்கி ஒட்டும் தெரிவைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய எழுத்தளவுகளும் நிறங்களும் கூடவே வரும். எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடம் உள்ள எழுத்தைக் காட்டும். தமிழுக்கு மேலும் கீழும் விசிறிகளும் சுழிகளும் உள்ளதால் வரி இடைவெளியை 1.6 அளவுக்கு வையுங்கள். இருபுறமும் சீராக்கும் அமைப்பைத் தவிருங்கள். நம் சொற்கள் நீளமானவை, கைப்பேசித் திரையில் வரிகளுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒத்துவருவதில்லை.

பக்கத்தின் முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பிட்டால் முகவரியும் தமிழிலேயே அமையும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது ரோமன் குறிகளாக விரிந்து, இணைப்பு ஒரு பத்தி நீளத்திற்கு வரும். பிளாகரில் தமிழ்த் தலைப்புகளுக்கெல்லாம் 'பிளாக் போஸ்ட்' என்ற ஒரே பெயரும் ஓர் எண்ணும் விழும். இரண்டையும் வெளியிடும் முன்பே மாற்றிவிட வேண்டும். பின்னர் மாற்றினால் ஏற்கனவே பகிர்ந்த இணைப்புகள் உடைந்துவிடலாம்.

வேர்ட்பிரஸில் நிறுவும்போதே இருக்கும் மாதிரிப் பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் நீக்குங்கள்.

6. டொமைனையும் தளத்தையும் இணைத்தல்

பயமுறுத்தும் படி இதுவே. ஆனால் நகலெடுத்து ஒட்டுவதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. கூகுள் சைட்ஸ் அமைப்புகளில் தனிப்பயன் டொமைன் என்ற பகுதியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், பெயர் உங்களுடையதுதான் என்று மெய்ப்பிக்க ஒரு டிஎக்ஸ்டி பதிவையும், தளத்தைச் சுட்ட ஒரு சி-நேம் பதிவையும் சேர்க்கச் சொல்லும். அவற்றைப் பதிவாளர் கணக்கில் டிஎன்எஸ் (டொமைன் எந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் பட்டியல்) மேலாண்மைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பதிவாளர் முன்கூட்டியே போட்டுவைத்த ஒரு சி-நேம் பதிவு அதே பெயரில் இருக்கும்; அதை நீக்காமல் புதியதைச் சேர்க்க இயலாது. பெயர் கேட்கும் கட்டத்தில் மூன்று டபிள்யூக்களை மட்டும் இட வேண்டும்; முழு முகவரியை இட்டால் பல பதிவாளர்களின் பக்கத்தில் டொமைன் இரட்டித்துவிடும். நேம் சர்வர்களை (இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் கணினிகளின் பெயர்களை) மாற்றச் சொல்லாதபோது அவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் மற்றப் பதிவுகள் எல்லாம் செயலிழக்கும். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்தால், ஏதேனும் பிசகினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் தளம் திறக்கும். 48 மணி நேரம் வரை ஆகலாம். பாதுகாப்புச் சான்றிதழ் அமையும்வரை உலாவி எச்சரிக்கை காட்டும். அதற்காகப் பதிவுகளை மீண்டும் மீண்டும் மாற்றாதீர்கள். வீட்டு வைஃபையில் பழைய பக்கமே தெரிந்தால், கைப்பேசியின் டேட்டாவில் திறந்து பாருங்கள். டபிள்யூக்களுடனும் இல்லாமலும் இரு விதமாகவும் முகவரியைத் தட்டி, இரண்டும் ஒரே தளத்திற்கு வருகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். வராவிட்டால் பதிவாளர் பக்கத்தில் உள்ள திசைதிருப்பும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

விசிட்டிங் கார்டையும் துண்டறிக்கையையும் இதற்குப் பின்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். விஜயதசமி சேர்க்கைக்காகத் தளம் வேண்டும் என்கிற இசை, நடன ஆசிரியர்கள் ஆடி மாதத்திலேயே எழுதத் தொடங்குவது நல்லது. ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னை புத்தகக் காட்சிக்கு வேண்டும் என்கிற எழுத்தாளர்கள் அக்டோபர் இறுதிக்குள் டொமைனை வாங்கிவிடலாம்.

7. தொடர்பு கொள்ளும் வழி

கைப்பேசி எண்ணைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே இடுங்கள். தொட்டால் அழைப்பு செல்லும்படி அமைக்கலாம். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 சேர்க்க வேண்டும். கூட்டல் குறியும் தொடக்கப் பூஜ்யமும் கூடாது. கூகுள் படிவம் வைப்பவர்கள், புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் தெரிவை இயக்க மறவாதீர்கள். அது தானாக இயங்காது. விசாரித்தவர்கள் பதிலின்றிக் காத்திருக்க நேரும். பெயர், தொடர்பு எண், கேட்க விரும்புவது என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பிறந்த தேதியும் முகவரியும் கேட்டு வாங்கி வைத்திருப்பது, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வீண் பொறுப்பு. வீட்டின் முழு முகவரிக்குப் பதில், பகுதியின் பெயரும் அருகிலுள்ள ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ போதும்.

8. கூகுளில் தெரிய

தள உரிமையாளர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, முகப்புப் பக்கத்தைக் கூகுளின் தேடல் அட்டவணையில் ஏற்றக் கோருங்கள். சில நாட்கள் முதல் சில வாரங்கள் ஆகும். பணம் கொடுத்து இதை விரைவுபடுத்த முடியாது. வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோர், வாசிப்பு அமைப்புகளில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். நேரில் வாடிக்கையாளர் வரும் தொழிலாயின், கூகுள் வரைபடத்தில் இலவச வணிகப் பதிவும் செய்யுங்கள்.

9. புதுப்பித்தல்

டொமைன் காலாவதியாகும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வங்கி அட்டை மாறியிருந்தாலோ, தானியங்கிப் பற்றுக்கான ஒப்புதல் பதிவாகாமல் இருந்தாலோ பணம் எடுக்கப்படாது. தவறவிட்ட '.காம்' பெயரைச் சில வாரங்கள் வரை வழக்கமான கட்டணத்தில் பல பதிவாளர்களிடம் மீட்கலாம்; அதற்குப் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் கட்டணம் பலமடங்காகும்; அதுவும் கடந்தால் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் விற்பனைக்கு வந்துவிடும். பணம் கட்டுமாறு வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்காமல், பதிவாளரின் தளத்திற்கு நீங்களே சென்று கட்டுங்கள். போலிக் கடிதங்கள் காலாவதித் தேதியை ஒட்டியே வருகின்றன.

பதிவாளரின் பெயர், கணக்கின் மின்னஞ்சல், காலாவதித் தேதி, தளம் எந்தக் கருவியில் உள்ளது என்ற நான்கு விவரங்களையும், ஜிஎஸ்டி ரசீதையும் ஒரு தாளில் அச்சிட்டு, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.